ஏழாம் அத்தியாயம்: தாமதத்தின் இருப்பிடம்

1858ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அயர்லாந்தின் மேற்குக் கரையை அடுத்த வாலன்ஷியா தீவுக்கும் வட அமெரிக்காவின் கிழக்கு ஓரத்திலுள்ள நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே, அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் போடப்பட்ட முதல் தந்திக் கம்பியின் வழியாக விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு அனுப்பிய வாழ்த்துச் செய்தியில் இருந்தவை 98 சொற்களே. அவை அக்கரை சேர்வதற்கு 16 மணி நேரம் பிடித்தது. கடலடிக் கம்பியில் ஒவ்வொரு குறியும் மங்கியும் நீண்டும் போய்ச் சேர்ந்தது என்பது மெய்தான். ஆனால் அந்த மணி நேரங்களில் கணிசமான பகுதி, இரு கரைகளிலும் உட்கார்ந்திருந்த தந்திக்காரர்கள், இன்னும் மெதுவாக அனுப்பும்படியும், புரியாததைத் திருப்பிச் சொல்லும்படியும், சொன்னது விளங்கிற்றா என்றும், ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதிலேயே கழிந்துபோயிற்று. செய்தி பிரயாணம் செய்த காலம் வேறு, செய்தியைப் பற்றிய பேச்சுக்காகக் காத்திருந்த காலம் வேறு. இந்த வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்கு இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகிற விஷயம் பாதி விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இக்காலத்துப் பெரிய ஸ்தாபனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தலைமை அலுவலகம் ஒரு நகரத்தில். கிளைகள் நாற்பது ஊர்களில். கிளைக்கு அறுபது கம்ப்யூட்டர்கள். கணக்கு எழுதும் சாப்ட்வேரின் புதிய பதிப்போ, திருட்டுக்கு இடம் கொடுக்கும் ஓட்டையொன்றை அடைப்பதற்கான பேட்ச்சோ வெளிவந்தால், அது 2,400 கம்ப்யூட்டர்களிலும் ஏறியாக வேண்டும். ஒரு காலத்தில் இதற்காக ஓர் ஆள் பையில் சிடிக்களைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராய்ப் போய் வருவார். பிறகு, தலைமையகத்து சர்வரே நெட்வொர்க் வழியாக எல்லா இடங்களுக்கும் அனுப்பிக் கொடுக்கும் ஏற்பாடுகள் தோன்றின. மைக்ரோசாஃப்ட் 1994இல் சிஸ்டம்ஸ் மேனேஜ்மெண்ட் சர்வர் என்ற பெயரில் வெளியிட்டு, 2007இல் கான்ஃபிகரேஷன் மேனேஜர் என்று பெயர் மாற்றியது அவற்றுள் மிகவும் பிரசித்தமானது. வெள்ளிக்கிழமை மாலையில் அனுப்பிவிட்டால் திங்கட்கிழமை காலையில் எல்லாம் தயாராயிருக்கும் என்பது நம்பிக்கை. திங்கட்கிழமை காலையில் பார்த்தாலோ, தலைமையகத்தில் முழுவதும் ஏறியிருக்கிறது. அடுத்த ஊர்க் கிளையில் பாதி. தொலைதூரக் கிளையில் ஒன்றுமே இல்லை. அப்போது எல்லார் வாயிலிருந்தும் ஒரே தீர்ப்புத்தான் வருகிறது: லைன் போதவில்லை, பெரிய லைன் வாங்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பு சில சமயங்களில் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் ஒரு சின்னப் பெருக்கல் கணக்குக்கூடப் போட்டுப் பார்க்காமல் சொல்லிவிடுகிறார்கள் என்பதுதான் என் குறை. லைனின் அளவை பிட் கணக்கில் விற்கிறார்கள். ஃபைலின் அளவை பைட் கணக்கில் சொல்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 2 ஜிபி அளவுள்ள சாப்ட்வேர் 10 எம்பிபிஎஸ் லைனில் போய்ச் சேர, வேறு போக்குவரத்து ஒன்றுமே இல்லாவிட்டாலும், 1,600 விநாடி, அதாவது ஏறக்குறைய 27 நிமிஷம் பிடிக்கும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிளையிலுள்ள அறுபது கம்ப்யூட்டர்களும் தனித்தனியே தலைமையகத்தைக் கேட்டு, அதே 2 ஜிபியை அறுபது முறை அந்த ஒற்றை லைன் வழியே இழுத்துக்கொள்ளுமானால், 27 நிமிஷம் 26 மணி 40 நிமிஷமாகிவிடுகிறது. கிராமத்துக்கு ஒரே ஒரு நாளிதழ் வந்து, முடிதிருத்தும் கடை பெஞ்சில் கிடந்து, ஊரே அதைப் படித்து முடித்த காலம் ஒன்று இருந்தது. அந்தச் சிக்கனத்தை மறந்து, வீட்டுக்கு ஒருவர் பட்டணம் போய்த் தமக்கொரு பிரதி வாங்கி வந்தால் பஸ்ஸில் இடம் எங்கே கிடைக்கும்?

பரிகாரமும் அந்த பெஞ்சிலேயே இருக்கிறது. கிளையில் ஒரு சர்வரை வைத்து, ஒரு பிரதியை முதலில் அதற்கு அனுப்பி, மற்றவை அதனிடம் வாங்கிக்கொள்ளும்படி செய்யலாம்; இதை டிஸ்ட்ரிபியூஷன் பாயிண்ட் என்பார்கள். சர்வர் வைக்க வசதியில்லாத சிறு கிளைகளில், முதலில் பெற்றுக்கொண்ட கம்ப்யூட்டர் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குக் கடன் கொடுக்கும்படி ஏற்பாடு செய்யலாம். 2009இல் விண்டோஸ் 7 உடன் வந்த பிராஞ்ச்கேஷ், அதற்குப் பின் விண்டோஸ் 10 இல் வந்த டெலிவரி ஆப்டிமைசேஷன் ஆகிய இரண்டும் இந்த அண்டை வீட்டுத் தர்மத்தைச் செய்பவையே.

ஆனால் சர்வரை வைத்துவிட்டால் மட்டும் போதாது. அது தனக்காக வைக்கப்பட்டது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். ஒரு கம்ப்யூட்டர் எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதை அதன் நெட்வொர்க் விலாசத்தைக் கொண்டே தலைமையகம் தீர்மானிக்கிறது. இன்ன விலாசத்திலிருந்து இன்ன விலாசம் வரையில் இன்ன சர்வரிடம் போக வேண்டும் என்று ஒரு ஜாபிதா எழுதி வைக்கப்பட்டிருக்கும். கிளை அலுவலகம் இரண்டாம் மாடிக்கு இடம் மாறுகிறது, புதிய விலாசங்கள் கொடுக்கப்படுகின்றன, ஜாபிதாவைத் திருத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அன்றிலிருந்து அந்த மாடியிலுள்ள கம்ப்யூட்டர்கள், பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் சர்வரை விட்டுவிட்டு, கண்டம் கடந்து இன்னொரு தேசத்து சர்வரிடம் கையேந்தி நிற்கின்றன. சாப்ட்வேர் விநியோகம் மந்தமாயிருக்கிறது என்று யாராவது என்னிடம் யோசனை கேட்டால், நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்த ஜாபிதாவைத்தான். இதில் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. அதனாலேயே கெட்டிக்காரர்கள் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள்.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். லைன் பெரிதாக இருந்தும், இடையில் வேறு போக்குவரத்து இல்லாமல் இருந்தும், ஒரே ஒரு கம்ப்யூட்டர் மட்டும் கேட்டும், ஃபைல் ஊர்ந்து வருகிற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 100 எம்பிபிஎஸ் லைனுக்குப் பணம் கட்டியிருப்பார்கள். அளந்து பார்த்தால் அதில் முப்பதில் ஒரு பங்குகூட ஓடாது. இதைப் புரிந்துகொள்ள இரண்டு விஷயங்கள் தெரிய வேண்டும்.

முதலாவது, ஒளிக்கும் ஒரு வேக வரம்பு உண்டு என்பது. கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. ஆயிரம் கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மில்லி விநாடி ஆகும். கேபிள் நேர்கோட்டில் போகாது என்பதாலும், வழியிலுள்ள ரவுட்டர்கள் தத்தம் பங்குக்குச் சற்று நிறுத்தி வைக்கும் என்பதாலும், கண்டம் விட்டுக் கண்டம் போய்த் திரும்ப 200 மில்லி விநாடி என்பது சாதாரணம். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக் கோளின் வழியாகப் பேசினாலோ, கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதில் மேலே போய்க் கீழே இறங்க, ஏறக்குறைய அரை விநாடி கழிந்துவிடும். எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்தக் காலத்தை யாராலும் குறைத்துத் தர முடியாது.

இரண்டாவது, அனுப்புகிறவன் பெறுகிறவனின் ரசீதுக்காகக் காத்திருக்க வேண்டும் என்ற விதி. இன்டர்நெட்டில் சரக்கைப் பொறுப்பாகக் கொண்டு சேர்க்கும் டிசிபி என்ற நடைமுறையை வகுத்த 1981ஆம் ஆண்டு விதிகளின்படி, ரசீது வராமல் அதிகபட்சமாக 65,535 பைட்களைத்தான் வழியில் விட்டுவைக்கலாம். அந்த எண்ணை எழுதுவதற்கென்று ஒதுக்கிய இடம் 16 பிட்களே என்பதால் அதற்கு மேல் எழுதவும் முடியாது. நெல் மண்டிக்காரர் ஒருவர், வழியில் ஒரே சமயத்தில் பத்து வண்டிக்கு மேல் விடமாட்டேன், அக்கரை ரசீது கைக்கு வந்த பிறகுதான் அடுத்த வண்டி என்று பிடிவாதம் பிடித்தால், சாலையை எட்டு வண்டி அகலத்துக்குப் போட்டுக் கொடுத்து என்ன பிரயோஜனம்? பக்கத்து ஊருக்கு அனுப்பும்போது ரசீதுகள் மளமளவென்று வந்துவிடுவதால் இந்தப் பிடிவாதம் வெளியே தெரிவதில்லை. தூரம் கூடக் கூட அது விஸ்வரூபம் எடுக்கிறது. 200 மில்லி விநாடிக்கு 65,535 பைட் என்றால் விநாடிக்கு 3,27,675 பைட். அதாவது வெறும் 2.6 எம்பிபிஎஸ். 100 எம்பிபிஎஸ் லைனில் 2 நிமிஷம் 40 விநாடியில் வந்திருக்க வேண்டிய 2 ஜிபி, 1 மணி 42 நிமிஷம் எடுத்துக்கொள்கிறது. லைனை ஆயிரம் எம்பிபிஎஸ்ஸாக உயர்த்தினாலும் அதே 1 மணி 42 நிமிஷம்தான். மாதக் கட்டணம் மட்டும் மாறியிருக்கும்.

இந்தக் குறையை உணர்ந்த நிபுணர்கள் 1992இல் அந்த எண்ணைப் பெருக்கிக்கொள்ளும் யுக்தி ஒன்றைச் சேர்த்தார்கள். அதன்படி ரசீதில்லாமல் 1 ஜிபி வரையில் வழியில் விடலாம். இன்றைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் இதை அறிந்தவையே. ஆயினும் உரையாடலின் தொடக்கத்திலேயே இரு தரப்பும் இதற்குச் சம்மதித்தாக வேண்டும். இடையில் நிற்கும் பழைய ஃபயர்வால் ஒன்று, தனக்குப் புரியாத அந்தக் குறிப்பை அழித்துவிட்டுக் கடிதத்தை மேலே அனுப்புமானால், இரு தரப்பும் மற்றவருக்கு அது தெரியாது என்று எண்ணிக்கொண்டு 1981ஆம் வருஷத்துக்கே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

இதைவிடப் பிடிவாதமான மண்டிக்காரரும் உண்டு. ஆபரேட்டிங் சிஸ்டமே இல்லாத புதுக் கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாகவே எழுப்பி உட்காரவைக்கும்போது, டிஎஃப்டிபி என்ற மிகச் சிறிய நடைமுறை பயன்படுகிறது. அதன் பழைய விதி, 512 பைட் அனுப்பு, ரசீது வரட்டும், பிறகு அடுத்த 512 என்பது. 30 எம்பி ஃபைலை இவ்விதம் அனுப்ப 58,594 வண்டிகள் தேவை. ஒரே கட்டிடத்துக்குள் போய்த் திரும்ப ஒரு மில்லி விநாடி என்றால் ஒரு நிமிஷத்துக்குள் வேலை முடிந்துவிடும். 40 மில்லி விநாடி தூரத்திலுள்ள கிளைக்கு 39 நிமிஷம். வண்டியின் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ள 1990களில் இடம் கொடுத்துவிட்டார்கள். அதைக் கூட்டாமலே வைத்திருக்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. சாப்ட்வேரை ஒரே மூட்டையாகக் கட்டாமல் பதினாயிரம் சின்ன ஃபைல்களாகப் பங்கிட்டுக் கிளைக்குக் காப்பி செய்வதும் இதே வகைத் தவறுதான். ஒவ்வொரு ஃபைலுக்கும் திற, எழுது, மூடு என்று ஐந்து கேள்வி பதில்கள் நடந்து, ஒவ்வொன்றுக்கும் 80 மில்லி விநாடி போகுமென்றால், உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லாவிட்டாலும் ஒரு மணிக்கு மேல் ஆகிவிடும்.

இவ்வளவு நேரம், அனுப்பிய வண்டிகள் எல்லாம் பத்திரமாய்ப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டு பேசினோம். வழியில் தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு, நெட்வொர்க்குகளின் சரித்திரத்திலேயே மிக ரசமான சம்பவம் ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடத்துக்கும் பெர்க்லி சர்வகலாசாலைக்கும் இடையே சென்றுகொண்டிருந்த செய்திப் போக்கு, விநாடிக்கு 32,000 பிட் என்ற நிலையிலிருந்து 40 பிட் என்ற நிலைக்கு விழுந்துவிட்டது. இரண்டு இடங்களுக்கும் நடுவே இருந்த தூரம் 400 கஜம். விநாடிக்கு 40 பிட் என்றால் ஐந்து எழுத்து. நல்ல டைப்பிஸ்ட் ஒருவர் அதே வேகத்தில் அடித்து, தாளை நடந்தே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்.

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்த வான் ஜேக்கப்ஸன், மைக்கேல் கேரல்ஸ் என்பவருடன் சேர்ந்து காரணத்தைத் தேடிப் புறப்பட்டார். கம்பி அறுபடவில்லை, யந்திரம் பழுதாகவில்லை. வழியிலிருந்த ரவுட்டரில் நெரிசல் ஏற்பட்டு, பாக்கெட்டுகள் என்று சொல்லப்படும் நம் வண்டிகள் தேங்கின. இடமில்லாத பாக்கெட்டுகள் கீழே தள்ளப்பட்டன. ரசீது வராத அனுப்புநர்கள் எல்லாரும், போனது தொலைந்தது என்று அதையே மீண்டும் அனுப்பினார்கள். நெரிசல் இன்னும் அதிகமாயிற்று. தொலையாமல் வெறுமனே தாமதப்பட்டிருந்த பாக்கெட்டுகளுக்குக்கூட இரண்டாம் பிரதி, மூன்றாம் பிரதி கிளம்பிற்று. ரஸ்தா முழுவதும் வண்டிகள். வண்டிகளில் பெரும்பாலும் ஏற்கனவே அனுப்பிய சரக்கு. ஒவ்வொருவரும் தத்தம் வரையில் நியாயமாகவே நடந்துகொண்டதன் கூட்டுப் பலன் அது.

1988இல் ஜேக்கப்ஸன் பிரசுரித்த கட்டுரையில் சொன்ன பரிகாரம், கேட்பதற்கு விபரீதமாகத் தோன்றும்: சரக்குப் போய்ச் சேராவிட்டால் அவசரப்படாதே, வேகத்தைக் குறை. ஒரு பாக்கெட் அக்கரையில் இறங்கிற்று என்று தெரிந்த பிறகே இன்னொன்றை ஏற்று. தொடங்கும்போது ஒன்றிரண்டாகத் தொடங்கி, ரசீதுகள் ஒழுங்காக வருவதைப் பார்த்துப் பார்த்து அதிகப்படுத்து. ஒன்று தவறினால் உடனே பின்வாங்கு. இன்றைக்கும் உலகிலுள்ள கம்ப்யூட்டர்கள் இந்த அடக்கத்தை ஆதாரமாகக் கொண்டே பேசிக்கொள்கின்றன.

இந்தப் பாடத்தை யந்திரங்கள் கற்றுக்கொண்ட அளவுக்கு அவற்றை மேற்பார்க்கிற மனிதர்கள் கற்றுக்கொள்ளவில்லை. சாப்ட்வேர் ஏறவில்லை என்று தெரிந்ததும் மீண்டும் அனுப்பு என்ற பொத்தானை அழுத்துகிறார்கள். ஏறவில்லை என்று மறுபடியும் அழுத்துகிறார்கள். 2,400 கம்ப்யூட்டர்களும் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஏககாலத்தில் விழித்துக்கொண்டு ஒரே சர்வரிடம் ஒரே பொருளைக் கேட்கும்படி நேரம் குறிப்பதும் அவர்களே. நேரத்தைச் சிதறவிட்டு, கிளை கிளையாகத் தொடங்கினால், பெரிய லைன் கேட்ட விண்ணப்பங்களில் பல தாமாகவே செத்துப்போகும்.

ஜேக்கப்ஸனின் அடக்கத்தில் ஒரு கஷ்டமும் உண்டு. பாக்கெட் ஒன்று தவறினால் நெரிசலே காரணம் என்று அனுப்புகிறவன் எண்ணிக்கொள்கிறான். ஆனால் பழுதான கேபிளாலும் பாக்கெட் தவறலாம். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், ஒரு கிளைக்கு மட்டும் எதை அனுப்பினாலும் ஊர்ந்தே சென்றது. பிங் செய்து, அதாவது ஒரு சிறு குறியை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்தால், பதில் ஒழுங்காக வந்தது. மூன்று வாரம் லைன் கொடுத்த கம்பெனியோடு சண்டை நடந்தது. நானும் அந்தச் சண்டையில் ஆர்வத்தோடு கலந்துகொண்டவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் குற்றம் எங்கள் ஸ்விட்ச்சுக்கும் எங்கள் ரவுட்டருக்கும் நடுவிலிருந்த ஒரு முழ கேபிளின் இரு முனைகளில் இருந்தது. ஒரு முனையில் யாரோ ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் எழுதி நிலைப்படுத்தியிருந்தார்கள். மறு முனை தானாகத் தீர்மானித்துக்கொள் என்று விடப்பட்டிருந்தது. தானாகத் தீர்மானிக்கிற முனை, எதிர் முனையிலிருந்து பேச்சுவார்த்தைக்கு ஒருவரும் வராததைக் கண்டு, விதிப்படியே ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிட்டது. ஒருவர் பேசும்போதே மற்றவரும் பேசலாம் என்று ஒரு முனை நினைக்கிறது. ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேச வேண்டும் என்று மறு முனை நினைக்கிறது. பிங் போன்ற ஒற்றைச் சொல் சம்பாஷணையில் இது தெரியாது. பெரிய ஃபைல் ஓடத் தொடங்கியதும் இரண்டும் மோதி, பாக்கெட்டுகள் நொறுங்கி, அனுப்புகிற சர்வர் இதை நெரிசல் என்று தப்பாக எடுத்துக்கொண்டு, மேலும் மேலும் பின்வாங்குகிறது.

பிங் என்ற பரிசோதனையை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவத்தின் பாலிஸ்டிக் ஆராய்ச்சிக்கூடத்தில் மைக் மூஸ், நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் சோனாரின் ஒலியை நினைத்துப் பெயரிட்டு, அதை எழுதினார். இன்றுவரை அதற்கு ஈடான எளிய கருவி இல்லை. ஆனால் அது சொல்வது போக்குவரத்துக் காலத்தையே. சுமக்கும் சக்தியை அன்று. அதை விட்டால் வயர்ஷார்க் இருக்கிறது. 1998இல் ஜெரால்ட் கோம்ப்ஸ் ஈதரியல் என்ற பெயரில் வெளியிட்டது, 2006இல் இப்பெயர் பெற்றது. கம்பியில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் நேரக் குறிப்போடு அது எழுதிக் காட்டும். அதில் பாக்கெட்டுகளைப் பார்ப்பதைவிடப் பாக்கெட்டுகளுக்கு நடுவேயுள்ள மௌனத்தைப் பார்க்க வேண்டும். மௌனம் ரசீதுக்குக் காத்திருப்பதாலா, தொலைந்ததை மீண்டும் அனுப்புவதாலா, அல்லது சர்வரே டிஸ்க்கிலிருந்து படித்துக்கொடுக்க முடியாமல் திணறுவதாலா என்பது, சற்றுப் பழகிய கண்ணுக்கு ஐந்து நிமிஷத்தில் புலப்பட்டுவிடும்.

வயர்ஷார்க் பழகாதவர்களுக்கும் ஒரு மார்க்கம் உண்டு. ஒரே ஃபைலை எடுத்து, தலைமையகத்துக்குள்ளேயே ஒரு முறை, தலைமையகத்திலிருந்து கிளை சர்வருக்கு ஒரு முறை, கிளை சர்வரிலிருந்து அதே கிளையின் கம்ப்யூட்டருக்கு ஒரு முறை காப்பி செய்து, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றில் எது நீள்கிறதோ அந்தப் பகுதியை மட்டும் மேலும் பிரித்துப் பார்த்தால் போதும். மூன்றும் சரியாயிருந்து, சாப்ட்வேர் ஏறுவது மட்டும் நேரம் பிடித்தால், குற்றம் நெட்வொர்க்கில் இல்லை; வந்து இறங்கிய ஒவ்வொரு ஃபைலையும் ஆன்டிவைரஸ் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறதா என்று விசாரிக்கலாம்.

ஆனால் இந்த மூன்று எண்களையும் எதனோடு ஒப்பிடுவது? எல்லாம் ஒழுங்காக ஓடிய நாளில் அவை என்னவாக இருந்தன என்று தெரியாவிட்டால், நோயாளியின் சாதாரண நாடி தெரியாத வைத்தியரைப்போல நிற்க வேண்டியதுதான். ஆகையால் இந்த நூலைப் படிக்கிறவர்களில் எவரேனும் இத்தகைய நெட்வொர்க் ஒன்றுக்குப் பொறுப்பாளராக இருந்தால், குறை ஒன்றும் இல்லாத இந்த வாரத்திலேயே, ஒரு 100 எம்பி ஃபைலை ஒவ்வொரு கிளைக்கும் ஒரு முறை அனுப்பிப் பார்த்து, பிடித்த விநாடிகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.